கணவாய்க்குள் ஒரு கணவாய்

என் அடங்காத கயலுக்கு,

நம் ஜூ திறந்துவிட்டது. நலம் விசாரித்துவிட்டு மெதுவாகச் செய்திக்கு வந்தால் "அண்ணி, முன்னுரை ஜாஸ்தி" என்று நீ கொட்டாவி விடுவாய் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம், உன் அண்ணன் மேல வீதிக் கடையைச் சற்று நேரம் சாத்திவிட்டு வந்து பொத்தானை அழுத்தினார். அத்தை சூடம் ஏற்றிக் காட்டினார்கள். செல்போனுக்குச் சூடம் காட்டிய முதல் குடும்பம் சிதம்பரத்தில் நாமாகத்தான் இருப்போம்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர நாலு பேர் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நம் ஜூ செங்கல் சிமெண்ட் ஜூ இல்லை. செல்போனுக்குள் விளையாடுகிற ஜூ. கூண்டு கட்டி, குளம் வெட்டி, புலிக்கும் மானுக்கும் இரை போட்டு, பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழித்து, எல்லாம் தமிழிலேயே. நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவள். நீ கடலூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடல் உயிரியல் நடத்தியவள். நாத்தனாரும் அண்ணியும் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். நம் வீட்டில் எலியும் பூனையும் சேர்ந்து ஜூ கட்டின.

எல்லாம் ஆரம்பித்தது உங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில். திருவந்திபுரம் கோயிலில் எங்கள் கல்யாணம். மறுநாள் கடலூர் பழைய டவுனில், அதான் ஓ.டி.யில், உங்கள் வீட்டில் கறிவிருந்து. நான் புவனகிரிக்காரி. எங்கள் வீட்டில் ஆற்று மீனும் இறாலும்தான், கணவாயை நான் தொட்டதுகூட இல்லை. நீ கையில் ஒரு கணவாயைத் தொங்கவிட்டபடி புதுப்பெண்ணைக் கூப்பிட்டாய்.

"அண்ணி, இங்க வாங்க. இதுக்கு எத்தினி இதயம் சொல்லுங்க?"

"ஒண்ணுதான?"

"மூணு. ரத்தம் நீலம். மூளை வளையமா இருக்கும், நடுவுல ஓட்டை. திங்கிறதெல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான் வயித்துக்குப் போவுது. பெரிய துண்டா முழுங்குனா மூளைக்கே அடி. அதான் கிளி மூக்காட்டம் வாயி, பொடிசு பொடிசா நறுக்கிக்கும்."

"அடியேய், புதுப் பொண்ணுகிட்ட ரத்தம், மூளைன்னு பேசிக்கினு! மொதல்ல அறுத்து சட்டியில போடுடி" என்று அத்தை கரண்டியோடு வந்தார்கள். நீ விடவில்லை. இதற்கு ஒரு பெரியம்மா அடி ஆழத்தில் இருக்கிறாள், பஸ்ஸைப்போல நீளம், ஆணைவிடப் பெண்தான் பெரிசு, எட்டுக் கை போதாதென்று இரை பிடிக்க நீளமாக இரண்டு, உலகத்திலேயே பெரிய கண் அவளுக்குத்தான் என்று அடுக்கிக்கொண்டே போனாய். "எனக்குப் போயி கயல்விழின்னு பேரு வச்சிட்டாங்க அண்ணி. கணவாய்விழின்னு வச்சிருக்கணும்" என்றாய். பட்டுப்புடவையில் மை தெறித்ததுகூடத் தெரியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ராட்சதக் கணவாய்க்கு நம் இருவருக்குள் பெயர் பெரியம்மா.

அதற்குப் பிறகு எத்தனை பஸ் பயணம்! சனிக்கிழமைகளில் நீ சிதம்பரம் வருவாய், இல்லையென்றால் நான் கடலூர் வருவேன். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை, பிறகு ஜூவுக்குச் சண்டை. ஒட்டகச்சிவிங்கிக்கு வேலி எவ்வளவு உயரம் வேண்டும் என்று நாம் கத்திய கத்தலில் கண்டக்டரே தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். கெமிக்கல் ஃபாக்டரிகள் இருக்கிற குடிகாடு பக்கம் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள்; நீ மட்டும் உற்சாகமாவாய். "அண்ணி, பெரியம்மா உடம்பு பூரா அமோனியா. தண்ணிய விட லேசு, அதான் நீந்தாமலே மெதக்கிறா. புடிச்சாந்து வறுத்தீங்கன்னா வீடு பூரா இந்த வாசனைதான் வரும்." முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார்.

சண்டையே வராமல் நாம் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பெரியம்மா ஜூவில் இருப்பாள், ஆனால் தொட்டியில் இருக்க மாட்டாள். உலகத்தில் எந்தக் காட்சிசாலையிலும் உயிரோடு அவளை வைத்துக் காப்பாற்றியதில்லை. மேலே வந்தால் பிழைப்பதில்லை. காட்சிக்கு இருப்பதெல்லாம் மருந்துத் தண்ணீரில் மிதக்கிற உடம்புகள்தான் என்று நீ சொன்னாய். "புடிச்சு வைக்க முடியாத பிராணி ஒண்ணாவது நம்ம ஜூவுல இருக்கணும் அண்ணி. இல்லன்னா டிக்கெட் வாங்குனா எதை வேணா பாத்துடலாம்னு புள்ளைங்க நெனச்சுக்கும். அவளால ஒரு ரூபா வருமானம் வரக்கூடாது." அப்படியென்றால் அவளுக்கு ஆட்டத்தில் என்னதான் வேலை என்று கேட்டேன். "இருக்கிறதுதான் வேலை" என்றாய். அதை எப்படி சாஃப்ட்வேரில் எழுதுவது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்கு விடை கண்டுபிடிப்பதற்குள் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது. அந்த மாதங்களைப் பற்றி எழுதப்போவதில்லை, உனக்கே பிடிக்காது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நீ நர்ஸிடம் கணவாயின் மூன்று இதயங்களைப் பற்றிப் பாடம் நடத்தியதை மட்டும் சொல்கிறேன். "மூணு இருந்தும் ஒருத்தனுக்கும் ஒண்ணக் குடுக்கல இவ" என்று உன்னைக் காட்டி அத்தை அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். நீ போன பிறகு அத்தையைச் சிதம்பரத்துக்கே அழைத்துவந்துவிட்டோம். ஜூவை நான் திறக்கவே இல்லை, வெகுநாள்.

பிறகு உன் அண்ணன்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "பாதி கட்டுன வூடு மாரி கெடக்குது மங்கை. முடிச்சிடேன்" என்று. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவர் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், மறுநாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

சென்னையில் ஒரு கம்பெனி நம் ஜூவை வெளியிட முன்வந்தது. ரேவதி என்று ஒரு அம்மா, நல்ல மனுஷி, யானைக் குளியலைப் பார்த்துவிட்டுக் குழந்தைபோலக் கைதட்டினார். எல்லாம் பிடித்துப்போனது, பெரியம்மா விஷயம் தவிர. வாசலிலேயே கண்ணாடித் தொட்டி, அதில் ராட்சதக் கணவாய், மீன் போட்டால் கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். "இதுக்காகவே எல்லாரும் டவுன்லோடு பண்ணுவாங்க மேடம்." முடியாது என்றால் கணவாயே வேண்டாம், எடுத்துவிடுங்கள், இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றார்.

கயல், நான் திணறிப்போனேன். தொட்டியில் வைத்தால் உன் பேச்சு போகிறது. எடுத்துவிட்டால் நீயே போகிறாய். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜூ வெளியே வராது, பாதி கட்டிய வீடாகவே கிடக்கும். "தொட்டியே வைத்துவிடலாம்" என்று தட்டச்சு செய்துகூடப் பார்த்தேன், அனுப்ப விரல் வரவில்லை. ஒரு வாரம் டைம் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

எதற்கும் ஒரு படமாவது கையில் இருக்கட்டும் என்று இளவரசனுக்கு போன் போட்டேன். இவரை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நமக்குப் படம் வரைய வந்தவர். தருமபுரிக்காரர், சைவம். மீன் கடைப் பக்கமே போகாத குடும்பம். இதையெல்லாம் நான் பிறகுதான் யோசித்தேன்.

"தம்பி, ராட்சதக் கணவாய் ஒண்ணு வேணும். நல்ல செவப்பு கலர்."

"சரிங்க்கா. எவ்ளோ நீளம் வேணும்?"

"ஒரு பஸ் அளவுக்கு."

"பஸ் போற அளவுக்கு. சரி. லைட்டிங்?"

"ஒரே இருட்டு. நல்ல ஆழம். பாத்தா பயமும் வரணும், ஆசையும் வரணும்."

"புரிஞ்சுதுங்க்கா. எங்க ஊர் ஆளுக்கு இதெல்லாம் சொல்லணுமா? டெய்லி பாக்கறதுதான்."

டெய்லி பார்க்கிறதா என்று ஒரு நிமிடம் உறைத்தது. உறைத்தும் விட்டுவிட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாளில் படம் வந்தது. திறந்தால் மலை! இரண்டு பக்கமும் செங்குத்தாகச் சிவந்த பாறை, நடுவே கிடுகிடு பள்ளம், அதற்குள் இருட்டு, வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு, ரோட்டில் ஒரு பஸ். 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வேறு. தொப்பூர்க் கணவாயையே ராட்சத அளவில் வரைந்து அனுப்பியிருந்தார் மனுஷன். மலைக்கு நடுவே வண்டி போகிற வழிக்கும் கணவாய் என்றுதானே பெயர்? தருமபுரியில் யாரிடம் கணவாய் என்றாலும் அதுதான் ஞாபகம் வரும். கடலூரில் சொன்னால் நாக்கில் எச்சில் ஊறும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். இங்கே கணவாய் பிடிக்கப் போனால், ரோட்டோரத் தடுப்புச் சுவரில் நிஜமாகவே ஏழெட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. என்னமோ ஏதோ என்று அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்கள். படத்தைக் காட்டிச் சொன்னேன். அவர்களுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். "அந்தக் கணவாய வறுக்கிறதுக்கு எத்தாம் பெரிய சட்டிடி வேணும்!" நீ போன பிறகு இந்த வீட்டில் அப்படிச் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை. "கயலு இருந்திருந்தா..." என்று அத்தை ஆரம்பித்து, முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள்.

படத்தை மூடப்போனேன். அப்போதுதான் சில்வர் பீச் ஞாபகம் வந்தது. மிளகாய் பஜ்ஜியை ஊதி ஊதித் தின்றபடி நீ கடலைக் காட்டிச் சொன்னாயே.

"அண்ணி, இந்தத் தண்ணி பூரா இறைச்சிட்டுப் பாத்தீங்கன்னா அந்தாண்ட பள்ளத்தாக்கு இருக்கும். மலையில இருக்கிற மாரியே, வெட்டிக்கினு கீழ போவும்."

"பெரியம்மா அங்கதான் இருக்காளா?"

"நம்ம கடல்ல இருக்கான்னு பாத்து சொன்னவங்க யாருமில்ல. ஆனா வேற ஊரு கடல்ல இவுங்க இருக்கிற எடத்தைப் பாத்தா, இந்த மாரி சரிவும் பள்ளமும்தான் ஜாஸ்தி."

கடலுக்கு அடியிலும் கணவாய்! உடனே இளவரசனைக் கூப்பிட்டேன். பாவம், யாரோ சொல்லித் தன் தவறு தெரிந்துபோய், எடுத்ததுமே "அக்கா, மன்னிச்சுக்கோங்க, அது மீனாம்ல" என்றார். மீன்கூட இல்லை தம்பி, நத்தைக்குச் சொந்தம் என்று நீ சொல்லியிருப்பாய், நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, "மலையில ஒரு கோடுகூட மாத்த வேணாம். ரோட்டையும் பஸ்ஸையும் எடுங்க, குரங்க எடுங்க, மேல வரைக்கும் தண்ணி ஊத்துங்க" என்றேன்.

மனுஷன் தண்ணீர் ஊற்றினார் பார், கயல்! நம் ஜூவின் கடைசி வாசல் இப்போது கடலைப் பார்த்துத் திறக்கிறது. வாசலில் பலகை: 'இங்கே கூண்டு இல்லை. அவள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.' விளையாடுகிறவர் குட்டி நீர்மூழ்கி ஒன்றைச் செய்துகொண்டு கணவாய்க்குள் இறங்க வேண்டும். போகப்போக நிறங்கள் கழன்றுகொள்ளும், முதலில் சிவப்பு. பாறையின் சிவப்பெல்லாம் கறுப்பாகி இருட்டோடு கலந்துவிடும். இருட்டில் பெரியம்மா ஏன் சிவப்பாக இருக்கிறாள் என்று நீ மணிக்கணக்கில் விளக்கியதை அந்த ஒரு படம் விளக்கிவிட்டது.

கீழே போனதும் வெள்ளை விளக்கை அணைத்துவிட வேண்டும். அவள் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்கு ஒன்று, ஜெல்லி மீன் மாதிரி மினுக்குகிற தூண்டில் ஒன்று, அவ்வளவுதான். நிஜத்தில் அவளைப் படம்பிடித்தவர்கள் அப்படித்தான் பிடித்தார்கள் என்று நீ சொன்னதுதான். அப்புறம் திரையைத் தொடக்கூடாது. தொட்டால் நீர்மூழ்கி அதிரும், பக்கத்தில் இருந்தாலும் போய்விடுவாள். சும்மா இருக்க வேண்டும். அதுதான் ஆட்டம். சில சமயம் அவளுக்குப் பதில் தலை பெருத்த திமிங்கலம் ஒன்று கடந்துபோகும். அதன் முகத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு. அவளைத் தின்னப்போய் வாங்கிக்கொண்ட தழும்பு. அதைப் பார்த்தவர்களுக்கு, சரி, எங்கேயோ இருக்கிறாள் என்று தெரிந்துபோகும்.

இருக்கிறதுதான் வேலை என்றாயே, எழுதிவிட்டேன்.

ரேவதி அம்மாவுக்கு அனுப்பினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு போன் செய்தார். "மேடம், ஒண்ணும் வரல. ஏதாவது பிரச்சனையா?"

"இல்லைங்க. அப்படித்தான்."

"குறிப்பிட்ட நேரத்துல கண்டிப்பா வர்ற மாதிரி வச்சுடலாமே?"

"வேணாங்க" என்றேன். குரல் கொஞ்சம் கறாராகவே வந்துவிட்டது. நாத்தனார் சகவாசம், வேறென்ன? "இதுல மட்டும் நான் எறங்கி வர மாட்டேன். நீங்க எத்தனையோ ஜூ வெளியிடலாம். வருமா வராதான்னு தெரியாம ஒக்காந்திருக்கிற எடம் இந்த ஒண்ணுலதான் இருக்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான், போச்சு என்று உன் அண்ணனிடம் சொன்னேன். மூன்று நாள் பேச்சே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், டீ போட்டுக்கொண்டிருக்கிறேன், செய்தி வருகிறது, ஒரே வார்த்தை: 'வந்துச்சு.' அடுத்த நிமிடமே போன். "கண்ணு மேடம், அந்தக் கண்ணு! திரை பூரா கண்ணு! நான் கத்திட்டேன், ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. என்னன்னு யார்கிட்டயும் சொல்லல. அவங்களும் ஒக்காரட்டும்." பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நல்ல சகுனம் என்று அத்தை சொன்னார்கள்.

வீட்டில் இப்போது பெரிய ஆட்டக்காரி உன் அம்மாதான். புலி, யானை எதையும் சீந்துவதில்லை, நேரே கடல் வாசல்தான். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து உட்காருவார்கள். "அந்த ஃபேன நிறுத்துடா, சத்தத்துக்கு வர மாட்டா" என்று உன் அண்ணனை விரட்டுவார்கள். வேர்த்து வழிய நாங்களும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்போம். போன வாரம் வந்தாள். அத்தை கூச்சல் போடவில்லை. "வந்துட்டா பாருடி" என்று மெதுவாகச் சொன்னார்கள். "நம்ம கயலு மாரியே முழிக்கிறா." அவள் திரும்பி இருட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முகத்தில் அப்படி ஒரு சிரிப்போடு, "ஃபேன போடு" என்றார்கள்.

உன் அண்ணனுக்குக் கடையில் ஒருநாள், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். இளவரசனுக்கு வந்தாள். பரங்கிப்பேட்டையிலிருந்து துபாய் போன ஒருத்தர், அங்கே அறையில் நாலு பேர் சேர்ந்து விளக்கை அணைத்துக் காத்திருந்து பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஊரையே பார்த்த மாதிரி இருந்ததாம்.

எனக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

சோதனைக்காக எத்தனையோ முறை வரவழைத்திருக்கிறேன். அது நான் கூப்பிட்டு வந்தது, கணக்கில் சேராது. தானாக வரவில்லை. எந்த வரியைத் திருத்தினால் அடுத்த நொடி வருவாள் என்று எனக்குத் தெரியும், எழுதியவள் நான்தானே. நேற்றுக்கூட அந்த வரியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "கூப்ட்டா வர்றதுக்கு அவ என்னா பால்காரரா அண்ணி?" என்று நீ கேட்பது காதில் விழுந்தது. மூடிவிட்டேன்.

அந்த வரியை நான் தொட மாட்டேன், கயல், இது சத்தியம். யார் கேட்டாலும் தொட மாட்டேன், எனக்கே ஆசையாக இருந்தாலும் தொட மாட்டேன். தினமும் மத்தியானம் இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருந்தும் வராதவர்கள் இப்போது எனக்கு இரண்டு பேர். அதில் ஒருத்தி என்றைக்காவது ஒருநாள் வந்துவிடுவாள் என்பதே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, தெரியுமா?

ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அண்ணி,
மங்கை
சிதம்பரம்